ஆண்ட பரம்பரைக்கு ஒரு நியமன ஆணை

பிளக்ஸில் வாளோடு நிற்கும் ஐயாவுக்கு வணக்கம். கிரீடமும் குதிரையும் கணினியில் ஒட்டியவை என்றாலும் மீசை உம்முடையதே என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கீழே தம்பிமார் பாஸ்போர்ட் அளவில் கும்பிட்டு நிற்க, மேலே 'ஆண்ட பரம்பரை' என்று தங்க நிறத்தில் எழுதியிருக்கிறது. ஐப்பசி சதயத்தன்று தஞ்சாவூரில் ராசராசன் சிலைக்கு மாலை போட வரும் சங்கங்களில் உம்முடையதும் ஒன்று. வருகிற சங்கம் ஒவ்வொன்றின் பையிலும் அவன் தங்கள் சாதிக்காரன்தான் என்று நிறுவும் ஒரு சிறு புத்தகம் இருக்கிறது. செத்து ஆயிரம் ஆண்டு ஆன மனிதனுக்கு இத்தனை பங்காளிகள். பிரித்துக்கொள்ளச் சொத்து ஏதும் மிச்சமில்லாதபோதே இந்தக் கூட்டம்.

உம்மோடு வழக்காட எனக்குத் தெம்பில்லை. ஆண்டீர், ஒத்துக்கொண்டேன். ஆனால் ராஜா நாற்காலி ஒன்றுதான், வரிசையோ பெரிது. ஆகவே அதற்கு அடுத்த படியில் உம்மை அமர்த்துகிறேன்: சோழ அரசவையில் பெருந்தரத்து அதிகாரி. வாள் உண்டு, பட்டம் உண்டு, பிற்காலத்தில் பிளக்ஸுக்கு ஆகிற சகலமும் உண்டு. பணி விவரம் முழுவதும் கல்லிலும் செம்பிலும் வெட்டிக் கிடக்கிறது. நீர் மேடைக்கு மேடை பெருமைப்படும் அதே கல்வெட்டுகளைத்தான் சொல்கிறேன். வாசித்திருக்க மாட்டீர். வாசித்தவருக்கு வாளோடு நிற்கக் கை வராது.

சேர்ந்த அன்றே உம்முடைய பெயரைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வர வேண்டும். அமண்குடிக்காரரான கிருஷ்ணன் ராமன் ராசராசனின் சேனாபதி. தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றி ஓடும் திருச்சுற்று மாளிகையைக் கட்டியவர். அத்தனை பெரிய மனிதருக்கும் அப்பன் ஆத்தாள் வைத்த பெயர் போதவில்லை, மும்முடிச்சோழ பிரமராயன் ஆனார். அதே கோயிலில் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன், தென்னவன் மூவேந்தவேளான் ஆனார். ஆன கையோடு, அரசனுக்கும் அரசி உலகமகாதேவிக்கும் செப்புத் திருமேனி செய்து கோயிலில் எழுந்தருளுவித்தார். நாயன்மார் சிலைகளைச் செய்து வைத்த அதே கை, உயிரோடு இருக்கும் எஜமானுக்கும் சிலை வைத்தது. கட்-அவுட் கலாசாரம் சினிமாக்காரனால் வந்த சீரழிவு என்று தலையங்கம் எழுதுகிறவர்கள் ஒரு நடை தஞ்சாவூர் போய்வரலாம்.

பட்டத்தில் ஆளும் அரசனின் பெயர் ஏறும். அடுத்தவன் வந்தால் அடுத்தவன் பெயர் ஏறும். ராசராசனின் காலத்தில் ராசராசன் பெயரும் மும்முடிச்சோழன் பெயரும் தாங்கியவர்கள் நிறைந்திருந்த அதே அவையில், ராசேந்திரன் வந்ததும் ராசேந்திரசோழன் என்று தொடங்கும் பட்டங்கள் கூட்டமாய் வந்து இறங்கின. ஆட்சி மாறிய மறுநாள் சட்டைப்பைக்குள் தெரியும் தலைவர் படத்தை மாற்றிக்கொள்ளும் நம்மூர் வட்டச் செயலாளரைக் கேலி செய்யாதீர். அவர் சொந்தப் பெயரையாவது ரேஷன் கார்டில் வைத்திருக்கிறார். வென்ற நாட்டின் பெயரையும் பட்டமாக்கிக் கொடுப்பதுண்டு: காலிங்கராயன் என்று ஒருவர் போனால் அங்கே ஒரு நாடு எரிந்திருக்கிறது என்று அறிக. நீர் மார்தட்டிக்கொள்ளும் குலப்பெயர்களில் பல இப்படி எஜமான் ஊழியன் தோளில் மாட்டிய வில்லைகள். கலெக்டர் ஆபீஸ் வில்லைச் சேவகன் பணி முடிந்ததும் வில்லையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். நீர் அதைப் பேரப்பிள்ளை கலியாணப் பத்திரிகை வரைக்கும் இழுத்து வந்திருக்கிறீர்.

வேலை இதுவல்ல, வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் போய்க்கொண்டே இளவரசிகளைப் பார்ப்பதுதான் வேலை என்று சினிமாவில் பார்த்ததாகச் சொல்வீர். வந்தியத்தேவனை எனக்கும் பிடிக்கும். கல்கியின் வந்தியத்தேவனைச் சொல்கிறேன். கல்லில் உள்ள வந்தியத்தேவர் எப்படிக் கிடைக்கிறார் தெரியுமா? ராசராசனின் அக்காள் குந்தவை தஞ்சைக் கோயிலுக்கு அள்ளிக் கொடுத்தாள். கொடுத்தவளை அடையாளம் சொல்லும் இடத்தில், இன்னாருடைய மனைவி என்று ஒரு சொல் வருகிறது. அந்த இன்னார்தான் வல்லவரையர் வந்தியத்தேவர். ஐந்து பாகம் ஓடுகிற கதாநாயகனைக் கல் ஞாபகம் வைத்திருப்பது பெண்டாட்டியின் நன்கொடை ரசீதில்.

சம்பளம் கேட்டீர். காசாக மாதம் பிறந்ததும் கைக்கு வராது. ஜீவிதம் என்று ஒரு நிலமோ ஊரோ உம் பேருக்கு விடப்படும். அந்த ஊர் அரசனுக்குக் கட்ட வேண்டியதை உமக்குக் கட்டும். நீர் நட வேண்டாம், களை பறிக்க வேண்டாம், மடைக்குக் காவல் படுக்க வேண்டாம். அவற்றைச் செய்கிறவர்களின் பெயரைத் தெரிந்துகொள்ளவும் வேண்டாம், எவரும் எழுதிவைக்கவில்லை. அவர்கள் வெட்டி என்ற கூலியில்லா வேலைக்கும் வருவார்கள். ஏரிக்குக் கரை போட, பாதை வெட்ட, சுமை தூக்க. ஆண்ட பரம்பரை என்று பிளக்ஸ் வைக்க நாட்டில் நூறு சங்கம் இருக்கிறது. வெட்டி செய்த பரம்பரை என்று மாலையோடு கிளம்பிவர ஒரே ஒரு சங்கத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை. அந்தப் பேரரசில் அத்தனை பேரும் மேலே இருந்திருக்கிறார்கள், காவேரி தானாகவே கரை கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது.

இனி அன்றாடக் காரியம். அரசன் வாய் திறப்பான். அதைக் கேட்டுக்கொள்வதற்கென்றே திருவாய்க்கேள்வி என்று ஓர் அதிகாரி நிற்பார். கேட்டதைத் திருமந்திர ஓலைக்காரர் எழுதுவார், ஓலைநாயகம் ஒப்பமிடுவார், பிறகு அது புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி என்று படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு படியிலும் உம்மைப் போல் ஒரு பட்டக்காரர் நின்று ஓலையை முகர்ந்து பார்ப்பார். ராசராசனின் 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1006-இல், நாகப்பட்டினத்துச் சூடாமணிவர்ம விகாரத்துக்கு ஆனைமங்கலம் கொடுக்கப்பட்டது. லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றது அந்த ஆவணம்தான். அரசன் சொன்ன நாளுக்கும், ஊரார் பிடியானையை நடத்தி எல்லை சுற்றிக் கல்லும் கள்ளியும் நாட்டிய நாளுக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு வருடம் ஓடிவிட்டது. செம்பில் வெட்டி முடிப்பதற்குள் சொன்ன அரசனே போய்ச் சேர்ந்து, மகன் பட்டத்துக்கு வந்திருந்தான். பட்டா மாறுதலுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் காய்ந்து கிடப்பவர்கள் மனம் தளர வேண்டாம், அவர்கள் ஆயிரம் ஆண்டுப் பண்பாட்டில் பங்கேற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மெத்தனமெல்லாம் எழுதித் தருவதில்தான். அளந்து வாங்குவதில் உம் இலாகா வேறு வகை. ஆனைமங்கலத்தின் 97 வேலிச் சொச்சம் நிலத்துக்கு ஆண்டுதோறும் வர வேண்டிய நெல் என்று செப்பேடு சொல்வதைக் கேளும்: 8943 கலம், இரண்டு தூணி, ஒரு குறுணி, ஒரு நாழி. கலத்துக்கு 96 நாழி. எட்டரை லட்சம் நாழியைத் தாண்டிப் போகிற கணக்கில் கடைசியில் தொங்கிய அந்த ஒற்றை நாழியை விட மனம் வரவில்லை பாரும். ஒரு நாழி நெல்லைக் குத்தினால் ஒரு குழந்தைக்குக் கஞ்சி ஆகும். அதைக் களத்து மூலையில் விட்டுவிட்டு வந்திருந்தால் சோழ மண்டலம் சரிந்துவிடாது. விடாமல் பிடித்து எழுதினீர். உம்முடைய வாளைப் பற்றி எனக்குத் தெரியாது. இந்த எழுத்தாணி கூர்மையானது.

கொடுத்த ஊரில் பெற்றவர்கள் என்னென்ன செய்துகொள்ளலாம் என்று சோழர் செப்பேடுகளில் ஒரு வரிசை வரும். சுட்ட ஓடு வைத்து மாடமாளிகை எடுக்கலாம். துரவு கிணறு வெட்டலாம். மருவும் தமனகமும் நடலாம். தென்னை வைக்கலாம், அந்தத் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக் கூடாது. சரித்திர ஆசிரியர்கள் இதை உரிமை வழங்கல் என்ற தலைப்பில் எழுதுவார்கள். எனக்கு மறுபக்கம்தான் தெரிகிறது. சுட்ட ஓட்டில் வீடு கட்டச் செப்பேட்டில் அனுமதி வேண்டியிருந்தது என்றால், செப்பேடு இல்லாதவன் எந்தக் கூரையின் கீழ் படுத்தான்? கிணறு வெட்ட ராஜமுத்திரை வேண்டியிருந்தது என்றால் முத்திரை இல்லாதவள் எங்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்? குடிநீக்கி என்று ஒரு சொல்லும் கல்வெட்டுகளில் சாதாரணமாக வந்துபோகும். முன்பு இருந்தவர்களை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டுக் கொடுத்தது என்று அர்த்தம். எழுப்பப்பட்டவர்கள் எந்தத் திசையில் போனார்கள் என்று வெட்டக் கல்லில் இடம் இருந்திருக்காது. கொடுத்தவனின் மெய்க்கீர்த்தி அவ்வளவு நீளம்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதைப் படிக்கும்போது மட்டும் மீசையிலிருந்து கையை எடுத்துவிடும். கோனேரின்மைகொண்டான் என்ற பெயரில் பிறந்த ஆணை ஒன்று கொங்கு நாட்டுக் கம்மாளர்களுக்குச் சலுகை தருகிறது. கலியாணத்துக்கும் சாவுக்கும் இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். வெளியே போகும்போது காலில் செருப்புப் போட்டுக்கொள்ளலாம். கம்மாளர் என்றால் யார்? கல் செதுக்கியவன், செம்பு வார்த்தவன், தேர் செய்தவன், பொன் தட்டியவன். இன்று உலக அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் நின்று ஆடுகிற நடராசரை வார்த்த கைகளின் இனம். அவன் செருப்புப் போட அரசாணை வேண்டியிருந்தது. ஆணை வரும் வரை வெறுங்காலோடு நின்றுதான் ஆடவல்லானின் தூக்கிய திருவடியைச் செதுக்கினான். தமிழ்நாட்டில் இன்றும், இந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போ என்று ஒரு சாதி இன்னொரு சாதிக்குச் சொல்லும் ஊர்கள் இருக்கின்றன. அந்தத் தெருமுனைகளில் கட்டியிருப்பதும் உம்முடைய பிளக்ஸ்தான். பரம்பரையை நிரூபிக்க உமக்குச் சிறு புத்தகம் எதற்கு?

வரி தண்டும் வேலையில் கொஞ்சம் முறுக்க வேண்டிவரும். அதற்கும் முன்னுதாரணம் உண்டு. ஒரு பெண்ணிடம் ஊர் அதிகாரி வரி கேட்டான். நான் கட்ட வேண்டியதில்லை என்றாள். அவளை அவன் சத்தியப் பரீட்சைக்கு உட்படுத்தினான். அவள் நஞ்சு குடித்துச் செத்தாள். நாலு திசையிலிருந்தும் நாட்டார் கூடிப் பேசினார்கள், குற்றம் அதிகாரிமேல்தான் என்று முடிவு செய்தார்கள். அவ்வளவில் நீதி வென்றது என்று எழுந்துவிடாதீர், தண்டனையைக் கேட்டுவிட்டுப் போம்: 32 காசு. அந்தக் காசில் கோயிலில் ஒரு விளக்கு எரியும். அவன் பாவம் தீர்ந்தது, விளக்குக்கு எண்ணெய் கிடைத்தது, கல்வெட்டுக்கு ஒரு செய்தி கிடைத்தது. பணியிடை நீக்கம், துறைசார் விசாரணை, நாலு மாதத்தில் வேறு ஊரில் அதே நாற்காலி என்று நாம் பார்க்கும் நாடகத்துக்கு மூலப்பிரதி இது. மூலத்தில் விளக்காவது எரிந்தது.

போருக்கும் போக வேண்டும். வண்டையர் கோன் கருணாகரத் தொண்டைமானின் பெயரை நீர் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவர், 1110-ஐ ஒட்டிக் கலிங்கத்தை அடித்தவர். சண்டை எதற்கு? கலிங்கத்து அனந்தவர்ம சோடகங்கன் இரண்டு தவணை திறை கட்டவில்லை. அந்தச் சோடகங்கனின் தாய் ராசசுந்தரி சோழர் வீட்டுப் பெண். அதாவது மகள் வயிற்று வகையறாவில் பாக்கி. திறைக்கு வழி பார்த்த இந்தக் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்றும் ஒரு பெயர். உள்ளூரில் சுங்கம் தவிர்த்த கருணையாளர் வெளியூரில் வசூலுக்குப் படை அனுப்பினார். யார் போகிறீர்கள் என்ற பேச்சு எழுந்ததும் நான் போகிறேன் என்று முந்திக்கொண்டவர் கருணாகரர். அரசவைப் பிழைப்பில் அந்த முந்தல்தான் மொத்த முதலீடு. போகிறேன் என்று சொல்ல ஒருவர், செத்துக் காட்ட ஆயிரம் பேர்.

ஜெயங்கொண்டார் கலிங்கத்துப்பரணி பாடினார். களத்தில் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் அட்டு உண்டன என்று அதில் வரும், நம் தமிழாசிரியர்கள் அதைச் சுவை சொட்ட நடத்துவார்கள். தோற்று ஓடிய கலிங்க வீரர் சிலர் தலைமயிரைப் பறித்துக்கொண்டு சமணத் துறவிகள் போலவும், வில் நாணைப் பூணூலாகப் போட்டுக்கொண்டு கங்கையாடப் போகிற அந்தணர் போலவும் வேடம் கட்டி உயிர் பிழைத்ததும் அங்கே நகைச்சுவைதான். சாகப் பயந்தவனைப் பார்த்துச் சிரிக்கும் தைரியம், களத்துக்குப் போகாத அவையில் உட்கார்ந்திருந்தால் தாராளமாக வரும். கருணாகரர் யானைகளோடும் செல்வத்தோடும் திரும்பினார், அழியாப் புகழ் பெற்றார். செத்த காலாளின் வீட்டுக்கு வாய்த்தால் உதிரப்பட்டி என்று ஒரு துண்டு நிலம். வாய்க்காவிட்டால் அந்தப் பேய்களின் பந்தியில் அவன் உடம்பு பரிமாறப்பட்ட செய்யுளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்ளலாம், ஐந்து மதிப்பெண்.

இப்படிச் சேர்ந்த பொன்னில் கொஞ்சம் கோயிலுக்குக் கொடுத்துவிட வேண்டும். நரலோகவீரன் என்ற மணவில் கூத்தன் காலிங்கராயன் தில்லையில் பொன் வேய்ந்தார், தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதவைத்தார். நல்ல காரியம். அவர் செய்ததையெல்லாம் வெண்பாவாக்கிச் சிதம்பரத்திலும் திருவதிகையிலும் சுவரில் வெட்டியிருக்கிறது. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரிந்ததோ இல்லையோ, வழிப்போக்கர் அனைவருக்கும் தெரிந்தது.

அடுத்தது, உம் மனதுக்குப் பிடித்த பகுதி: காட்டிக்கொடுத்தல். உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டை நீர் வாட்ஸ்அப்பில் நூறு முறை அனுப்பியிருப்பீர். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அதில் வரும் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோர் எங்கிருந்தோ வந்த ஒற்றர் இல்லை, அண்ணன் தம்பிமார், அரசின் பட்டம் வாங்கிய அதிகாரிகள். அதில் ஒருவரின் பட்டம் இருமுடிச்சோழ பிரமாதிராசன். செத்தவன் வீட்டுப் பெயரைக் கொன்றவன் மார்பில் குத்திக்கொண்டு திரிந்திருக்கிறான். கொலை நடந்தது 970 வாக்கில். சொத்தைப் பறித்த ஆணை ராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில், 987 வாக்கில். நடுவில் உத்தமசோழனின் ஆட்சி முழுவதும் வந்து போயிற்று. பதினைந்து ஆண்டுக்கு மேல் அந்த வழக்கு எந்த ஓலைக்கட்டில் உறங்கியது, யார் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்கக் கூடாது. ஆணை வந்தபோது மட்டும் முழு வேகம்: அவர்கள், மக்கள், பெண் கொடுத்த மாமன், தாயோடு பிறந்த மாமன், உடன்பிறந்தாளைக் கட்டியவன், மகளைக் கட்டியவன் வரைக்கும் நிலம் போயிற்று. எந்தக் கொலைக்கும் சம்பந்தமில்லாத எவனோ ஒரு மாப்பிள்ளை காலையில் எழுந்து வயலுக்குப் போனபோது அது தன் வயல் இல்லை என்று தெரிந்துகொண்டிருப்பான்.

ஆனால் துரோகத்திலும் அளவு இருக்கிறது. சிறிதாகச் செய்தால் நிலம் போகும். பெரிதாகச் செய்தால் சக்கரவர்த்தி ஆகலாம். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் சம்புவராயர், மலையமான், அதியமான் வழி விடுகாதழகிய பெருமாள் போன்ற சிற்றரசர்கள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்து கல்லில் வெட்டிவைத்தார்கள். உன் எதிரி எனக்கும் எதிரி, என் விஷயத்தில் நீ தலையிடாதே, உன் விஷயத்தில் நான் தலையிடமாட்டேன். அத்தனையும் முடித்துவிட்டு மேலே குலோத்துங்கனின் ஆட்சியாண்டைப் போட்டார்கள், நாள்காட்டிக்கு ஒரு ராஜா வேண்டுமே என்று. தொகுதிப் பங்கீட்டைக் கல்லில் வெட்டும் நேர்மை நம்மவர்களுக்கு இல்லை, நட்சத்திர ஓட்டல் அறையோடு முடித்துவிடுகிறார்கள்.

அதற்கும் மேலே போனவர் காடவர் கோப்பெருஞ்சிங்கர். சோழனுக்குக் கீழ்ப்பட்ட தலைவராக இருந்தவர், 1231-இல் மூன்றாம் ராசராசனையே பிடித்துக்கொண்டு போய்ச் சேந்தமங்கலத்தில் அடைத்துவைத்தார். ஓலைநாயகமும் திருவாய்க்கேள்வியும் அன்று யாருடைய திருவாயைக் கேட்டுக்கொண்டிருந்தார்களோ. போசளன் இரண்டாம் நரசிம்மன் துவாரசமுத்திரத்திலிருந்து கிளம்பினான், அவன் தளபதிகள் அப்பண்ணனும் சமுத்திர கோப்பய்யனும் சோழனை மீட்டார்கள். எப்படி மீட்டார்கள் என்பதைத் திருவயிந்திரபுரம் கல்வெட்டு கூச்சமில்லாமல் சொல்கிறது: காடவன் நாட்டு ஊர்களை அழித்தார்கள், கொளுத்தினார்கள், மரங்களை வெட்டினார்கள், பெண்களைப் பிடித்தார்கள். இடையில் பொன்னம்பலத்து நாயனாரைக் கும்பிட்டுக்கொண்டார்கள். முடிவில் சோழன் சிம்மாசனத்துக்கு வந்தான். கோப்பெருஞ்சிங்கருக்கு ஒரு கீறலும் இல்லை, 1243 முதல் தன் ஆட்சியாண்டு போட்டுக் கல்வெட்டு எழுதினார். பிடித்தவனும் பிழைத்தான், பிடிபட்டவனும் பிழைத்தான். எரிந்தது யாருடைய கூரை? அந்தப் பெண்கள் யார் வீட்டுப் பெண்கள்? எந்த ராஜாவின் சண்டை என்றுகூடத் தெரியாமல் தலைமயிரைப் பிடித்து இழுக்கப்பட்டார்களே, அவர்களுக்கு நீர் என்ன உறவு? சொல்லும். பங்காளி என்று வரிசையில் வந்து நின்றீரே, அந்தப் பக்கம் ஒரு பங்கும் கேட்கமாட்டீரா?

உழவைப் பற்றி ஒரு வார்த்தை. சோழநாடு சோறுடைத்து என்று மேடையில் அடித்துப் பேசுகிறீர் அல்லவா? மூன்றாம் குலோத்துங்கன் 1205 வாக்கில் மதுரையில் பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்து, கழுதை பூட்டி ஏர் ஓட்டி, வரகு வகையை விதைத்தான். சில ஆண்டு கழித்துப் பாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரித்துக் கணக்குத் தீர்த்தான். உம்முடைய அரசவைப் பரம்பரை ஏர்க்காலைத் தொட்டதாக எனக்குத் தெரிந்த சான்று அது ஒன்றுதான், அதுவும் அடுத்தவன் வீட்டுக் கூடத்தில், கழுதையைப் பூட்டி.

மதுரையில் கழுதை உழுவதற்குச் சில ஆண்டு முன்னால், 1201-இல், அதே குலோத்துங்கனின் 23-ஆம் ஆட்சியாண்டில், திருப்பாம்புரத்தில் ஒரு கல்வெட்டு. பஞ்சம். வேளாளர் ஒருவரும் அவருடைய இரண்டு மகள்களும் பட்டினிச் சாவுக்குத் தப்பத் தங்களைத் தாங்களே கோயிலுக்கு அடிமைகளாக விற்றுக்கொண்டார்கள். கவனியும், நிலத்தோடு ஒட்டிய குடியைச் சேர்ந்தவருக்கே அந்தக் கதி. அவருக்குக் கீழே கிடந்தவர்களின் பஞ்சத்துக்குக் கல்வெட்டே இல்லை. திருப்பாம்புரம் பாலைவனத்தில் இல்லை, காவேரிப் படுகையில் இருக்கிறது, நடந்து போகிற தூரத்தில்தான் அதே அரசனின் திரிபுவனத்துப் பெருங்கோயில். அந்த ஆண்டிலும் புரவுவரித் திணைக்களம் இருந்தது, பெருந்தரம் இருந்தது, மூவேந்தவேளான்களும் பல்லவரையர்களும் இருந்தார்கள்.

விலை 110 காசு. நெல் அப்போது காசுக்கு மூன்று நாழி விற்றது என்று அதே கல்வெட்டு சொல்கிறது. நீர் கணக்கில் புலி, பெருக்கிப் பாரும். 330 நாழி. கலத்துக்கு 96 நாழி என்று வகுத்தால் மூன்றரைக் கலம்கூடத் தேறவில்லை. மூன்று மனிதர்கள். ஆனைமங்கலத்தில் எட்டாயிரத்துச் சொச்சம் கலத்துக்குப் பின்னால் ஓடி ஒரு நாழியையும் விடாமல் பிடித்த மரபு உம்முடையது, இதை மட்டும் ஏன் விட வேண்டும்? வரிப்பொத்தகத்தில் ஏற்றிக்கொள்ளும்: தகப்பன் ஒன்று, மகள் இரண்டு, தேறிய நெல் மூன்று கலம், நாற்பத்திரண்டு நாழி. கீழே இடம் விட்டிருக்கிறது, பட்டப்பெயரை முழுதாக எழுதி ஒப்பமிடும்.